பாம்புக்கு அச்சு கெடையாதுடா பேராண்டி

கல்வராயன் மலையில பள்ளிக்கூடத்து வேல கெடைச்சுதுன்னு ஆர்டரு வந்ததும் வந்துச்சு, பேராண்டி மொத வேலையா செல்லுல பாம்பு பேரு சொல்ற ஆப்ப எறக்கிட்டான். படம் புடிச்சுப் போட்டா பேரு ஊரு எல்லாம் சொல்லுமாம். வச்சுக்கடா, நல்லதுதான். பாம்பும் ஒனக்காக மூஞ்சியக் கழுவிப் பவுடரு போட்டுகிட்டு வந்து நிக்கும். வெளிச்சம் பத்தலன்னா 'இந்தப் பக்கம் திரும்பவா தம்பி'ன்னு கேக்கும். படம் ஆடிப்போச்சுன்னா செத்த நேரம் இருந்து இன்னொண்ணு எடுக்கச் சொல்லும். மலை மேல டவரு கெடைக்கற எடமா பாத்து வரச் சொல்லி முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லி வச்சுடு.

ஒங்கம்மா இன்னும் ஒருபடி மேல. கொளஞ்சியப்பர் கோயில்ல போயிப் பிராது கட்டப் போறாளாம். நம்ம சாமிகிட்ட சீட்டு எழுதிக் கட்டுனா வராத கடன் வந்துருக்கு, காணாமப் போன மாடு வந்துருக்கு, நான் இல்லங்கல. ஆனா யாரு மேல பிராது? பாம்பு மேலயா, ஒன்ன மலைக்குப் போட்டவங்க மேலயா? 'எதிரி பேரு, தகப்பன் பேரு, ஊரு எல்லாம் எழுதணும்டி, என்னா எழுதப் போற'ன்னு கேட்டன். மொறைச்சுட்டு உள்ள போயிட்டா.

மலைன்னா பாம்பு, பாம்புன்னா மலைன்னு யாருடா ஒங்களுக்குச் சொல்லி வச்சது? நம்ம ஊரு மணிமுத்தாறு அந்தக் கல்வராயன் மலையிலேர்ந்துதான் எறங்கி வருது. ஆத்துல வெள்ளம் வந்து, கரையோரத்துல நாலு தண்ணிப் பாம்பு ஒதுங்குனாப் போதும், 'மலையில இருக்கற பாம்பெல்லாம் எறங்கிடுச்சு'ன்னு பாலக்கரையில டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. மலையில போயிக் கேட்டன்னா அவங்க 'கீழ நாட்டுலதான் சாமி பாம்பு ஜாஸ்தி'ம்பாங்க. அவங்க சொல்றதுதான் சரி. பாம்பு எலி இருக்கற எடத்துல இருக்கும். எலி தானியம் இருக்கற எடத்துல இருக்கும். தானியம் நம்மகிட்ட இருக்குது. நெல்லுக் கொல்லையில எலி, கரும்புல எலி, மல்லாட்டையில எலி. இந்தியாவுல 2000-லேர்ந்து 2019 வரைக்கும் பாம்பு கடிச்சுச் செத்தவங்க கிட்டத்தட்ட 12 லட்சம் பேருன்னு கணக்குப் போட்டுருக்காங்க. வருசத்துக்கு 58,000. அதுல பெரும்பகுதி ஒசரம் கொறைஞ்ச, வெவசாயம் நடக்குற கிராமத்துல, மழைக்காலத்துல. அதாவது நம்ம வூட்டுக் கொல்லைப்பக்கம். நீ ஆபத்துலேர்ந்து தப்பிச்சு மலைக்குப் போறடா, ஒங்கம்மாகிட்ட சொல்லு.

இப்ப பாம்பு அடையாளத்துக்கு வருவோம். நீ அந்த ஆப்பப் பாத்துப் படிச்சது எல்லாத்தையும் நேத்து ராத்திரி ஒப்பிச்ச. 'வெள்ளைக் கட்டு இருந்தா கட்டுவிரியன், படத்துல மூக்குக்கண்ணாடி இருந்தா நல்லபாம்பு, சங்கிலி இருந்தா கண்ணாடி விரியன்.' சபாஷ். ஒங்க சித்தப்பன் செராமிக் பயிலகத்துல படிச்சவன், அவனக் கேளு. களிமண் கூழக் கரைச்சு, பிளாஸ்டர் அச்சுல ஊத்தி எடுத்தா ஆயிரம் பிள்ளையாரும் ஒரே தொப்பை, ஒரே தும்பிக்கை. நம்ம தொழிற்பேட்டையில வருசா வருசம் கொலுவுக்குப் போற பொம்மை அப்பிடி. பாம்பு அச்சுல ஊத்துனது இல்ல. மூக்குக்கண்ணாடி போடாத நல்லபாம்பு உண்டு. கட்டு மங்கிப்போன கட்டுவிரியன் உண்டு. தோலு உரிக்கப் போறப்ப எல்லாப் பாம்பும் அழுக்கு வேட்டி நெறத்துலதான் இருக்கும். குட்டி ஒரு நெறம், பெருசு ஒரு நெறம். நெறத்த நம்பிப் பாம்பு புடிச்சவன் கைய நீ பாத்தது இல்ல.

கட்டுவிரியன் கதைய மட்டும் கொஞ்சம் நின்னு கேளு, மத்ததுக்கு நீ தூங்குனாலும் பரவால்ல. கருகருன்னு எண்ணெய் தடவுன மாதிரி மினுமினுப்பு. வெள்ளைக் கட்டு சன்னமா, பல நேரம் ரெட்டை ரெட்டையா ஓடும். தலைக்குப் பின்னால கொஞ்ச தூரம் வெறுமையா வுட்டுட்டுதான் கட்டு ஆரம்பிக்கும். வாலுப் பக்கம் போகப் போக நல்லாத் தெரியும். இதே மாதிரி கட்டு போட்டுகிட்டு இன்னொண்ணு சுவத்துல ஏறும். வெள்ளிக்கோல் வரையன்னு புத்தகத்துல எழுதறாங்க. அதுக்குக் கழுத்துலேர்ந்தே கட்டு ஆரம்பிச்சு, வாலுப் பக்கம் போகப் போக மங்கிடும். பல்லியப் புடிக்க சுவரு, ஓட்டு இடுக்கு, கதவு சந்துன்னு ஏறித் திரியும். விசம் கெடையாது. இந்தப் பாவப்பட்ட ஜென்மத்த நம்ம ஆளுங்க 'கட்டுவிரியன், கட்டுவிரியன்'னு வெளக்குமாத்தாலயே அடிச்சுக் கொன்னுடறாங்க. நெசக் கட்டுவிரியன் வந்தா 'அது வெறும் சுவத்துப் பாம்பு'ன்னு கையால தூக்கிப் போடறவனும் இருக்கான். மொதல்ல சொன்ன ஆளால பாம்பு சாவுது, ரெண்டாவது சொன்ன ஆளு அவனே போயிடறான். அதனால கட்டு போட்டது எதுவா இருந்தாலும் கிட்டப் போயி எண்ணாத. கழுத்துல ஆரம்பிக்குதா, தள்ளி ஆரம்பிக்குதான்னு குனிஞ்சு பாக்கறதுக்கு நீ என்ன துணிக்கடையிலயா நிக்கற?

எட்டடி விரியன்னு கட்டுவிரியனுக்கு இன்னொரு பேரு. கடிச்சா எட்டடி வைக்கறதுக்குள்ள ஆளு சாய்ஞ்சுருவான்னு நம்பிகிட்டுக் கெடக்காங்க. அப்பிடி சாய்ஞ்சாத்தான் தேவலயே, பக்கத்துல இருக்கறவன் ஓடியாவது வருவான். கட்டுவிரியன் அப்பிடி இல்ல. ராத்திரில வரும், தரையில படுத்துருக்கறவன் பக்கத்துல ஊரும், புரண்டு படுத்தா கடிக்கும். எறும்பு கடிச்ச அளவுக்குக்கூட வலி இருக்காது. வீங்காது. பல்லு பட்ட எடம் தெரியாது. 'என்னமோ கடிச்சுது'ன்னு திரும்பிப் படுத்துடுவான். விடியக்காலம் வயித்த வலிக்குதும்பான். 'ராத்திரி தின்ன கொழம்பு சேரல'ன்னு சீரகத் தண்ணி காய்ச்சிக் குடுப்பாங்க. அப்பறம் கண்ணு எமை தொங்கும், நாக்கு கொழறும், எச்சி முழுங்க முடியாது, கடைசில மூச்சு வுட முடியாது. தரையில படுத்தவன் காலையில வயித்து வலின்னு சொன்னா, கொழம்பு வச்சவளத் திட்டாம ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு. இதுக்கு ஒங்க ஆப்பு என்னா படம் புடிக்கும்? கடிச்ச பாம்பு போயி ஆறு மணி நேரம் ஆயிருக்கும்.

கட்டில்ல படு. கொசுவலை கட்டி, ஓரத்தப் பாய்க்கு அடியில நல்லா செருகிக்க. மலையில குளுருக்குக் கொசு இருக்காதுன்னு சொல்லுவாங்க. கொசுவுக்கு யாரு கட்டச் சொன்னது?

சாரைப் பாம்பு நம்ம கூட்டாளி. எலிக்குன்னே பொறந்தது. நம்ம ஊரு ஆராய்ச்சி நிலையத்துல முந்திரியும் மல்லாட்டையும் புதுசு புதுசா ரகம் கண்டுபுடிச்சு வி.ஆர்.ஐ.ன்னு பேரு வச்சு வுடறாங்க. அந்த ரகத்துல பாதிய எலி திங்காம சாரை காவ காக்குது. சம்பளம் கெடையாது, நாம குடுக்கறது தடியடிதான். பெரிய கண்ணு, ஒல்லிக் கழுத்து, பகல்ல வெறுவெறுன்னு ஓடும். நல்லபாம்பு படத்த எடுக்காம ஓடுனா இதே மாதிரிதான் இருக்கும், அதுவும் ஞாபகம் வச்சுக்க. ரெண்டு பாம்பு பின்னிகிட்டு நிமிந்து நின்னா, 'சாரையும் நாகமும் சேருது'ன்னு மேல புதுத் துணியப் போட்டு எடுத்து பீரோவுல வச்சா பணம் கொட்டும்பாங்க. அது ரெண்டும் ஆம்பளச் சாரைடா. யாரு பெரியவன்னு மல்லுக்கட்டுதுங்க. ரெண்டு தடியனுங்க சண்டைக்கு நடுவுல புது வேட்டியப் போட்டவன் எவனும் பணக்காரன் ஆனதாத் தெரியல, வேட்டிக்கடக்காரனத் தவிர.

கொம்பேறி மூக்கனப் பத்தி ஒங்க ஆயா சொல்லிருப்பா. கடிச்சுட்டு, கடிபட்டவன எரிக்கற வரைக்கும் காத்துருந்து, சுடுகாட்டு மரத்துல ஏறிப் பொகை வருதான்னு பாத்துட்டுதான் எறங்குமாம். அந்தப் பாம்புக்கு விசமே இல்ல. மரத்துல ஓணானையும் தவளையையும் புடிச்சுத் தின்னுட்டு இருக்கறது. பொகை பாக்கணும்னா அது ஆயுசுக்கும் மரத்து மேலயே காத்துக் கெடக்கணும். பச்சைப் பாம்பு கண்ணக் கொத்துமாம். இருதலை மணியனுக்கு ரெண்டு தலையாம், வீட்டுல வச்சா அதிர்ஷ்டமாம். மண்ணுளிப் பாம்பு அது, வாலு மொட்டையா இருக்கும், எதிரி வந்தா தலைய ஒளிச்சுகிட்டு வாலக் காட்டி ஏமாத்தும். அத வாங்கறன், விக்கறன்னு லட்சக்கணக்குல பணத்த வுட்டு, போலீசுல மாட்டிகிட்டு, பேப்பர்ல போட்டோ வந்தவன் எத்தன பேரு. பாம்பு வாலக் காட்டி ஒரு கழுகத்தான் ஏமாத்தப் பாத்துச்சு. படிச்சவன் இவனா வந்து ஏமாந்தான். 1972-ல வந்த வனவிலங்குச் சட்டம் இருக்குது. பாம்ப அடிச்சாலும், புடிச்சு வச்சாலும், வித்தாலும் கேசு.

விரியன்ல ரெண்டு. சுருட்டை சின்னது, முழங்கை நீளம் இருக்கும், செம்மண்ணு நெறத்துலயே கெடக்கும். சுருண்டு, ஒடம்ப ஒடம்போட ஒரசி, ரம்பம் இழுக்கற மாதிரி சத்தம் போடும். கண்ணாடி விரியன் தடியா, மந்தமா, முதுகுல மூணு வரிசை வட்டம். இத மலைப்பாம்புக் குட்டின்னு நெனச்சு கழுத்துல போட்டுப் படம் எடுத்தவன் உண்டு. ஒனக்குப் புடிச்ச வேலையாச்சே, படம் எடுக்கறது, அதான் சொல்றன். சீறும் பாரு, குக்கர் விசிலு வுடறதுக்கு முன்னாடி வர்ற சத்தம். அந்தச் சத்தத்த மட்டும் காதுல வாங்கிக்க. முந்திரிக் கொல்லையில சருகுக்குள்ள அது கெடந்தா ஒன் கண்ணு தோத்துப்போவும், காதுதான் காப்பாத்தும். அதான் கொட்ட பொறுக்கற பொம்பளைங்க கையால சருகத் தள்ள மாட்டாங்க, மொதல்ல கூட்டிச் சுத்தம் பண்ணிட்டு, குச்சியால கிண்டிதான் எடுப்பாங்க. மிலாறு கட்டுத் தூக்கறப்ப ஒரு தட்டு தட்டிட்டுதான் தூக்குவாங்க. அவங்க யாரும் பாம்பு புத்தகம் படிக்கல.

புத்தகம்னதும் ஞாபகம் வருது. நம்ம சோழமண்டலக் கரையில கெடைச்ச பாம்பையெல்லாம் சேத்து, படம் வரைஞ்சு, 1796-ல ஒரு வெள்ளக்கார டாக்டரு புத்தகம் போட்டுருக்காரு. பேட்ரிக் ரசல். கண்ணாடி விரியனுக்கு இங்கிலீசுல அவரு பேருதான். அந்தக் காலத்துல பாம்புக் கடிக்கு 'தஞ்சாவூர் மாத்திரை'ன்னு ஒண்ணு ரொம்ப பேர்போனது, அதுல பாசாணம் கலந்துருக்கும். அந்த மாத்திரை, அந்தக் கஷாயம்னு எத வேணாலும் நம்பிட்டாங்க. பொழைச்சவன் மாத்திரையப் புகழ்ந்தான், செத்தவன் ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு மந்திரிக்கறவன் பொழப்பும் அதே ரகசியத்துலதான் ஓடுது. கடிக்கற பாம்புல ரொம்பப் பாம்புக்கு விசம் கெடையாது. விசப் பாம்பும் எல்லாக் கடிக்கும் விசத்த எறக்கறது இல்ல, சும்மா வெரட்டறதுக்குக் கடிக்கும். தண்ணிப் பாம்பு கடிச்சவன நானும்தான் மந்திரிச்சுப் பொழைக்க வைப்பன், நீயும் வைப்ப, இந்தத் திண்ணையில படுத்திருக்கற நாயும் ஒரு தடவ நக்கிப் பொழைக்க வைக்கும். நெசக் கட்டுவிரியன் கடிச்சவன் வந்தாதான் மந்திரக்காரனுக்கு அன்னைக்கு வெளியூருல வேல வந்துடும்.

இப்பதான் முக்கியமான எடம். கடிச்சா அடுத்து என்னா கேப்பாங்க? 'என்னா பாம்பு? என்னா பாம்பு?' ஊரே கேக்கும். பாம்ப அடிச்சு, பையில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாருவான் ஒருத்தன். தேடுறதுக்கு அரை மணி நேரம், அடிக்கறதுக்கு அரை மணி நேரம், அதுக்குள்ள இன்னொருத்தன் கடிபடுவான். அடிபட்டுச் செத்த தலைகூடக் கொஞ்ச நேரம் வரைக்கும் கடிக்கும். இம்மாம் பாடும் எதுக்கு? டாக்டரு பாம்பப் பாத்து வைத்தியம் பண்றதில்லடா, ஒன்னப் பாத்துதான் பண்றாரு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலுக்கும் ஒரே மருந்து. ஒரே பாட்டிலு. நாலு பேரு விசத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அது ரத்தத்துல ஊறுற எதிர்மருந்த எடுத்து வச்சது. கண்ணு சொருவுதா, வீங்குதா, ஈறுல ரத்தம் கசியுதா, ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் வருதான்னு பாப்பாங்க. ரத்தம் உறையுதான்னு பாக்கறதுக்கு ஒரு சோதனை வச்சுருக்காங்க பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ரெண்டு மில்லி ரத்தத்த எடுத்து, சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாயில ஊத்தி, 20 நிமிசம் ஆட்டாம அசைக்காம வைக்கணும். அப்பறம் சாச்சுப் பாக்கணும். கட்டியா நின்னா நல்லது, தண்ணியா வழிஞ்சா விரியன் வேல. பிளாஸ்டிக் குழாய் ஆவாது. பீங்கான் ஊர்க்காரன் நானே சொல்றன், பீங்கானும் ஆவாது, கண்ணாடிதான். கோடிக்கணக்குல மிசினு வந்துட்ட காலத்துல ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கெடியாரமும் உசுரக் காப்பாத்துது.

மருந்து அளவ கேட்டா இன்னும் சிரிப்பு வரும். சின்னப் புள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே அளவு. 'கொழந்தைக்குக் கொறைச்சுப் போடக்கூடாதா'ன்னு ஒரு நர்சம்மாகிட்டக் கேட்டன். 'பாம்பு கொழந்தைன்னு கொறைச்சா கடிச்சுது தாத்தா?'ன்னு என் வாய அடைச்சுட்டாங்க. மருந்தே சில பேருக்கு ஒத்துக்காம மூச்சு முட்டும், தடிப்பு வரும். அதனால வூட்டுல வச்சுப் போட்டுக்கற சமாச்சாரம் இல்ல, ஆஸ்பத்திரியிலதான். தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லேர்ந்து பாம்புக் கடிய ஆஸ்பத்திரிக்காரங்க கட்டாயம் அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தணும்னு உத்தரவு போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி மார்ச்சுல, 2030-க்குள்ள சாவப் பாதியாக் கொறைக்கணும்னு டெல்லியிலயும் திட்டம் போட்டாங்க. உத்தரவு போடறதுக்கு இம்மாம் காலம் ஆச்சேன்னு கேக்காத, பாம்பு கடிச்சுச் செத்தவன் எல்லாம் ஓலக் குடிசையில இருந்தவன்.

அந்த மருந்துக்கு விசம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா? பல வருசமா நம்ம இருளர் ஜனங்க புடிச்சுக் குடுத்ததுதான். மெட்ராசுக்குத் தெக்கால வடநெம்மேலியில 1978-லயே கூட்டுறவுச் சங்கம் வச்சுட்டாங்க. பாம்புத் தோலு வியாபாரத்த சட்டம் போட்டு நிறுத்துனதும், தோலுக்குப் பாம்பு புடிச்சவங்க விசத்துக்குப் புடிக்க ஆரம்பிச்சாங்க. புடிச்ச பாம்ப மண்பானையில வுட்டு, வாய்க்குத் துணி கட்டி வைப்பாங்க. கொஞ்ச நாள் வச்சுருந்து விசம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுல வுட்டுடுவாங்க. அவங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரையும் 2017-ல அமெரிக்காக்காரன் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு புடிக்கக் கூப்புட்டான். அங்க இருக்கற சதுப்புக் காட்டுல வெளிநாட்டு மலைப்பாம்பு பெருகி, இருக்கற முசலு, மானு எல்லாத்தையும் முழுங்கிப்புடுச்சு. நாய வச்சுப் பாத்தான், ஆள வச்சுப் பாத்தான், கடைசியில நம்ம ஆளுங்க தடம் பாத்து, புழுக்கை பாத்து, சட்டை உரிச்ச எடம் பாத்துப் புடிச்சாங்க. 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்க பாம்ப அடையாளம் கண்டது எப்பிடின்னு நீ கவனிக்கணும். பாம்பையே பாக்கறதுக்கு முன்னாடி பாத்தாங்க, அது போன மண்ணுல, அது வுட்ட எச்சத்துல. செல்லுக் காமிராவுல அது எதுவும் வுழாது.

கடிச்சா என்னா பண்ணணும்னு சொல்றன், இத மட்டும் கிண்டல் இல்லாம கேட்டுக்க. ஓடாத. கடிச்ச கையோ காலோ அசையாம வச்சுக்க, ஒரு கட்டையக் குடுத்து தளர்வாக் கட்டினாலும் சரி. கயித்தப் போட்டு இறுக்காத. ரத்த ஓட்டம் நின்னு காலு அழுவிடும். பிளேடு, வாயால உறிஞ்சறது, ஐஸு, பச்சிலை, சாராயம், எதுவும் வேணாம். மோதிரம், வாட்சு, கொலுசு, மெட்டி கழட்டிடு, வீங்குனா வெட்டித்தான் எடுக்கணும். எத்தன மணிக்குக் கடிச்சுதுன்னு ஞாபகம் வச்சுக்க. 108-க்குப் போனு போடு. தூர இருந்து பாம்பப் படம் எடுக்க முடிஞ்சா எடுத்துக்க. அதுக்காக அதத் தொரத்தாத.

மலை மேல போன பின்னாடி ரெண்டு விசயம் மாறும். ஒண்ணு, மூங்கில் பொதரு, ஓடையோரம். அங்க பச்சையா ஒண்ணு கெளையில சுருண்டு கெடக்கும். பச்சைப் பாம்புதானன்னு கைய நீட்டிடாத. நம்ம ஊரு பச்சைப் பாம்பு ஒல்லியா, கொடி மாதிரி, மூக்கு கூரா இருக்கும். இது தடியா, தலை முக்கோணமா இருக்கும். மூங்கில் விரியன். மலைக்காட்டுப் பாம்பு. நான் சொன்ன நாலு விசத்து மருந்து இதுக்குப் புடிக்காது. அப்பவும் ஆஸ்பத்திரிதான், வலிக்கும் வீக்கத்துக்கும் அவங்கதான் பாக்கணும், ஆனா வேணாத மருந்தப் பாட்டிலு பாட்டிலா ஏத்தாம இருக்கறதுக்கு அப்பதான் ஒன் படம் ஒதவும். ஆமாடா, ஒன் செல்லுக்கும் ஒரு நேரம் வந்துருச்சு, பெருமப்பட்டுக்க.

ரெண்டாவது, மழ பேஞ்சா மண்ணுக்குள்ளேர்ந்து பெரிய மண்புழு மாதிரி வரும், வாலு நுனி வெட்டுன மாதிரி சொரசொரப்பா மொட்டையா இருக்கும். கேடயவால் பாம்பு. மண்ணுக்குள்ள மண்புழு தின்னுட்டுக் கெடக்கறது, கடிக்கக்கூடத் தெரியாது. பக்கத்துல சேர்வராயன் மலையில இருக்கற ஒரு சாதி அந்த மலைய வுட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாதாம். ஏற்காட்டுக்குத் தேன்நிலவு போறவங்களுக்கு இது தெரியாது. அவங்க பாம்பப் பாக்கவா போறாங்க.

கச்சிராயபாளையத்துல கோமுகி அணையத் தாண்டுனதும் மலை ஏறும் பாரு, அங்கேர்ந்து வெள்ளிமலை போறதுக்குள்ள பஸ்ஸுலயே நாலு பேருகிட்டப் பேசு. மலையாளின்னு சொல்ற அந்த மலை ஜனங்க கூச்சப்படுவாங்க, நீ வாத்தியாருன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் தள்ளி நிப்பாங்க. அதனால புள்ளைங்களப் புடி. மொத நாளு பாடம் நடத்தாத. கரும்பலகையில பாம்பு படம் போடு, 'இதுக்கு இங்க என்னா பேரு'ன்னு கேளு. நீ வரைஞ்ச படத்தப் பாத்து 'சார், இது மண்புழுவா'ன்னு ஒருத்தன் கேப்பான், அவன அடிக்காத. ஒரே பாம்புக்கு ரெண்டு வாடியில ரெண்டு பேரு வரும். எது எங்க படுக்கும், எந்தப் பாறையில வெயிலு காயும், எந்த ஓடையப் பொழுது சாஞ்சா தாண்டக்கூடாது, எல்லாம் அவனுங்க வாயில இருக்கு. ஒன்னோட ஆப்ப அவனுங்ககிட்டக் குடுத்துப் பரீட்சை வையி. ஆப்பு எத்தன மார்க்கு வாங்குதுன்னு எனக்குப் போனு போட்டுச் சொல்லு.

இன்னொண்ணு. மலை எறங்கி ஆஸ்பத்திரி வரதுக்குள்ள விடிஞ்சுடும். அதனால பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடியே விசாரி: பக்கத்துல எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல பாம்புக் கடி மருந்து இருக்கு, ராத்திரில அங்க யாரு இருப்பாங்க, வண்டி வச்சுருக்கறவரு யாரு, அவரு நம்பரு என்னா. ஏ.டி.எம். எங்க இருக்குன்னு ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டுக்கலாம். மொத மாசம் ஒனக்குச் சம்பளமும் வராது.